கேட்டு மணியும் கேஸ் மணியும்

"இனிமே எனக்குத் தெரியாம இந்த வீட்டுக்குள்ள ஒரு ஈ கூட நுழைய முடியாதுலா!"

குனோங் ராபாட்டில், மலையடிவாரத்து வரிசை வீட்டில், சீனி போடாத தேத்தண்ணியை முன்னால் வைத்துக்கொண்டு யுகேந்திரன் இப்படி அறிவித்தார். பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்த குமுதா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஈ எதுக்குங்க இங்க வருது? சீனியைத்தான் பூட்டி வச்சாச்சே."

யுகேந்திரனுக்குச் சுருக்கென்றது. வீட்டில் இனிப்புக்கு ஊரடங்கு போட்டு இரண்டு மாதம் ஆகிறது. அவருடைய அண்ணனுக்குச் சீனி வியாதி முற்றி, ஆஸ்பத்திரியில் இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்கள். அதே வாரம் கிளினிக்கில் இவருக்கும் ரத்தம் பார்த்தார்கள். வந்த எண்ணைக் கேட்டதும் குமுதா அங்கேயே அழுதுவிட்டாள். அன்று சாயந்திரம் சாமி மேடை முன்னால் கற்பூரம் ஏற்றி, அடுத்த பரிசோதனை வரைக்கும் இனிப்பைத் தொடுவதில்லை என்று சத்தியம் கேட்டாள். இவரும் வீறாப்பாகக் கற்பூரத்தை அடித்து அணைத்தார்.

அடித்தபோது டுரியான் பழத்துக்குச் சீசன் இல்லை. அதுதான் விஷயம். பரிசோதனைக்கு மூன்றே வாரம் இருக்கும்போது சீசன் வந்து தொலைத்தது. சிம்பாங் பூலாயில் லாரி லாரியாகக் குவித்துவைத்து விற்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் போனாலே யுகேந்திரனுக்கு ஹெல்மெட்டுக்குள் கண்ணீர் வந்தது.

ஆகவே பாதுகாப்புத் திட்டம். இணையத்தில் ஒரு பெட்டி வாங்கினார். உள்ளே கதவில் ஒட்டும் சென்சார் இரண்டு, கேஸ் கசிந்தால் கூச்சல் போடும் சென்சார் ஒன்று. இவை கம்பியில்லாமல் அனுப்பும் செய்தியைப் பிடித்து மணியடிக்க ரிசீவர் இரண்டு.

வெளியே சொன்ன காரணம் திருடன். உள்ளே இருந்த காரணம் குமுதா. கேட்டில் ஒரு சென்சார் ஒட்டினால், வெளியே போனவள் திரும்பி வந்து கேட்டைத் தொட்டதும் கூடத்தில் மணியடிக்கும். டுரியானை ஒளித்து, வாயைக் கொப்பளித்து, ஊதுபத்தி ஏற்ற ஒரு நிமிஷம் கிடைக்கும். ஒரு நிமிஷம் யுகேந்திரனுக்குத் தாராளம்.

"ஒரு டெக்னீஷியனைக் கூப்பிடலாம்ங்க."

"யாருக்கு? எனக்கா? தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில பத்தொன்பது வருஷம் குப்பை கொட்டினவன்கிட்ட பேசுறோம்ங்கிற ஞாபகம் இருக்கட்டும்!"

இருந்தது உண்மைதான். ஸ்டோரில் திருகாணி எண்ணிக்கொண்டிருந்தார்.

ரிசீவரின் பொத்தானை அமுக்கினால் சிவப்பு விளக்கு பத்து விநாடி கண் சிமிட்டும். அதற்குள் சென்சார் ஒட்டிய கதவைத் திறந்து மூட வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஜோடி சேரும். யுகேந்திரன் கூடத்தில் பொத்தானை அமுக்கினார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டுக்கு ஓடினார். தாழ்ப்பாளை நீக்குவதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. மறுபடி அமுக்கினார், மறுபடி ஓடினார். ஆறாவது ஓட்டத்தில் ஒரு செருப்பு கழன்று, பக்கத்து வீட்டு மங்களத்தின் பூந்தொட்டியில் போய் விழுந்தது.

"ஏங்க," என்றாள் வாசலில் நின்ற குமுதா. "அந்தப் பெட்டியைக் கையில எடுத்துட்டுப் போயி, கேட்டுகிட்ட நின்னு அமுக்கக்கூடாதா?"

யுகேந்திரனுக்கு மூச்சு வாங்கியது. "எவ்வளவு தூரம் தாங்குதுன்னு டெஸ்ட் பண்ணேன்."

அவள் ரிசீவரை எடுத்துக்கொண்டு போய் அமுக்கினாள். கேட்டைத் திறந்து மூடினாள். டிங் டாங். ஒரே தடவைதான்.

மானம் போகிறதே! அதைக் காப்பாற்ற யுகேந்திரன் வாயைத் திறந்தார். "இதெல்லாம் சின்னப்புள்ள வேலை. ஒரே சென்சாரை ரெண்டு ரிசீவரோடயும் ஜோடி சேர்க்கலாம், தெரியுமா? பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும்."

"அப்படியா! இந்த கேஸ் சென்சாரை எங்க ஒட்டுறது?"

"அது எதுக்கு? திருடன் அடுப்புக்குப் பக்கத்துல நிக்கிற கேஸ் தோம்பு வழியாவா வரப்போறான்?"

"அதானே," என்று சொல்லி, மிச்சத்தை எல்லாம் அலமாரியில் எடுத்துவைத்தாள். இவ்வளவு சீக்கிரம் குமுதா எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. யுகேந்திரன் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை அவள் கிளம்பினாள். "கோயில்ல பூ கட்டப் போறேன். வர மத்தியானம் ஆயிரும்."

"மெதுவா வாலா, ஒன்னும் அவசரமில்ல," என்றார் உலகத்திலேயே நல்ல கணவர்.

கேட்டு மணி அடித்து ஓய்ந்த ஐந்தாவது நிமிஷம் அவருடைய மோட்டார் சைக்கிள் சிம்பாங் பூலாய் சாலையில் பறந்தது. முள் தோல் தடயமாகிவிடும் என்று சுளையாகவே இரண்டு டப்பா வாங்கினார். ஒன்று கொக்கியில் தொங்கியது. இன்னொன்று சாயந்திரத்துக்கு, சீட்டுக்கு அடியில்.

வீட்டுக்கு வந்தார். சமையலறையில் விசிறியைப் போட்டு, சிங்குக்குப் பக்கத்தில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். டப்பாவைத் திறந்தார். முதல் சுளை உள்ளே போனதும் கண் தானாக மூடிக்கொண்டது. கூடத்தில் மணி மௌனமாக இருந்தது. ஆகா, விஞ்ஞானம்! இரண்டாவது சுளையை எடுத்தார்.

வீடு அலறியது.

அது டிங் டாங் இல்லை. ஊளை. ரிசீவர் கூடத்தில் கிடந்து கதறியது. இந்தச் சத்தத்தை அவர் கேட்டதே இல்லை. கண்முன்னால் கேஸ் தோம்பு நின்றுகொண்டிருந்தது.

"ஐயையோ! கேஸு! வெடிக்கப்போவுது! ஓடுங்க, எல்லாரும் ஓடுங்க!"

எப்படி எழுந்தார், எப்படி ஓடினார் என்று அவருக்கே தெரியாது. கேட்டை உதைத்துத் திறந்தார். டிங் டாங் என்றது அவருடைய சொந்த மணி. வரிசை வீட்டுக்காரர்கள் எல்லாம் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். தீயணைக்கும் பொம்பாவுக்குப் போன் போடச் சொல்லி யாரோ கத்தினார்கள்.

மங்களத்தின் வீட்டு முகப்பில் இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தன. ஒன்றில் மங்களம். இன்னொன்றில் குமுதா. அவள் மடியில் பூ, பூவுக்கு நடுவே இன்னொரு ரிசீவர். அதுவும் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. அவள் கட்டைவிரலால் அதன் வாயை அடைத்தாள்.

யுகேந்திரன் சிலையாக நின்றார். "நீ... கோயில்ல..."

"பூவை எங்க உக்காந்தும் கட்டலாம்ங்க."

"உள்ள கேஸு குமுதா!"

"பொம்பாவெல்லாம் வேணாம். கேஸும் இல்ல, ஒன்னும் இல்ல. முதல்ல வாயைத் தொடைங்க." மங்களத்தின் பக்கம் திரும்பினாள். "பாத்தியா மங்களம்? வீடு வெடிக்கப்போவுதுன்னு ஓடி வந்த மனுஷன் எதைக் காப்பாத்திக் கொண்டாந்திருக்காரு பாரு."

யுகேந்திரன் குனிந்து பார்த்தார். டுரியான் டப்பா. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தார்.

"அடையாள கார்டு, ஐசியைக்கூட எடுக்கலையாண்ணே?" என்றாள் மங்களம்.

"எங்க காலேஜ் காண்டீன்ல போன சீசனுக்கு ஒரு லெக்சரர் டுரியான் கொண்டாந்தாங்க," என்றாள் அந்தக் காண்டீனில் சமைக்கும் குமுதா. "கேஸ் அலாரம் கத்தி, அத்தனை பிள்ளைங்களும் திடலுக்கு ஓடினாங்க. அந்த அலாரத்துக்கு கேஸ் வாடையும் டுரியான் வாடையும் ஒன்னுதான். காலையில கேஸ் சென்சாரைச் சிங்குக்கு அடியில ஒட்டிட்டேன். ரெண்டு ரிசீவரோடயும் ஜோடி சேர்த்துட்டேன். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"கட்டின புருஷனைச் சந்தேகப்பட்டியா?"

"திருடன் சுவரேறிக் குதிப்பான். கேட்டைத் திறந்துட்டு வர்ற ஒரே ஆளு நான்தான். அப்ப அந்த மணி யாருக்குங்க?"

கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. குமுதா மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணன் நடக்கிறதைப் பாத்தீங்கல்ல? எனக்கு உங்க பத்து விரலும் வேணும்ங்க."

யுகேந்திரனுக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. டப்பாவை அவள் மடியில் வைத்தார். "இதான் கடைசி குமுதா. இனிமே தொடமாட்டேன்."

மனதாரத்தான் சொன்னார். அந்த மனது கார் நிறுத்தும் இடம் வரைக்கும் அப்படியே இருந்தது. அங்கே மோட்டார் சைக்கிள் நின்றது, சீட்டுக்கு அடியில் இரண்டாவது டப்பாவோடு. தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான், அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை மோந்து பார்ப்பதில் என்ன தப்பு? சத்தமில்லாமல் சீட்டைத் தூக்கினார்.

மங்களத்தின் வீட்டு முகப்பில் டிங் டாங் என்றது.

"அது சீட்டுல ஒட்டின ரெண்டாவது கதவுச் சென்சார்ங்க," என்று மதிலைத் தாண்டி வந்தது குமுதாவின் குரல். "அந்த டப்பாவையும் இப்படியே கொண்டாங்க. மங்களத்துக்கு ஒன்னு பத்தலையாம்."