கார்டு மாமா வைத்த எண்ணெய்

தீபாவளி என்றால் மற்ற வீட்டுப் பிள்ளைகள் வெடிக்குப் பயப்படும். கோவில்பட்டியில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பதினோரு பேரும் பயந்தது கார்டு மாமாவுக்குத்தான்.

மாமா என் அப்பாவின் அக்கா வீட்டுக்காரர். மணியாச்சியில் குடியிருந்த ரயில்வே கார்டு. தீபாவளிக்கு முந்தின நாளே அத்தையோடு வந்து இறங்கிவிடுவார். விடியற்காலை நாலு மணிக்கு நடுவீட்டில் நின்று விசில் ஊதுவார். நிஜமான ரயில் விசில். முதல் வருஷம் அதைக் கேட்டு ஓடிய எங்கள் பூனை பொங்கலுக்குத்தான் திரும்பி வந்தது.

அடுத்தது எண்ணெய். உச்சந்தலையில் அவர் வைக்கிற வைப்பில் காது இரண்டும் அடைத்துப்போகும். சீயக்காயைக் கண்ணுக்கும் சேர்த்தே தேய்ப்பார். ஒருமுறை எங்கள் வரிசைக்குப் பக்கத்தில் குத்தவைத்துப் பால் அளந்துகொண்டிருந்தவர் தலையிலும் இருட்டில் எண்ணெய் வைத்துவிட்டார்.

"ஐயா, நான் பால் ஊத்த வந்தவன்."

"பால் ஊத்துதவனுக்குத் தீவாளி கெடையாதோ? குனிலே."

இதெல்லாம் எங்களுக்குப் பழகிப்போனது. நான் ஆறாவது படித்த வருஷம் அவர் செய்த காரியம்தான் இன்னும் பழகவில்லை.

நாகலாபுரத்துப் பக்கம் எங்களுக்கு இருந்த கரிசல் காட்டில் ஒரு வரப்புத் தகராறு. அப்பாவும் சித்தப்பாவும் மூன்று வருஷமாகப் பேசுவதில்லை. வீடு இரண்டாகிவிட்டது, புறவாசல் மட்டும் பொது. அப்பா குளித்துவிட்டுப் போன பிறகே சித்தப்பா வர வேண்டும் என்பது ஏற்பாடு.

அன்று மாமா அப்பாவின் தலை நிறையச் சீயக்காயை அப்பி, "கண்ணைத் தொறக்காத மாப்ளே" என்று உட்காரவைத்தார். நேரே போய்ச் சித்தப்பாவின் கையைப் பிடித்து இழுத்து வந்தார். அப்பாவுக்குப் பக்கத்தில் நிறுத்தி, கையில் செம்பைத் திணித்தார்.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு இவிய அடி வாங்காமப் போவமாட்டாவ" என்றாள் அத்தை.

"கண்ணு எரியுது அத்தான், தண்ணி ஊத்துங்க" என்றார் அப்பா.

மாமா வாய் திறக்கவில்லை. சித்தப்பா அசையவில்லை. அப்பா கையை நீட்டித் துழாவினார். ஒரு கால் அகப்பட்டது. சின்ன வயசில் காட்டில் காய்ந்த பருத்திமார்க் குச்சி குத்திக் கிழித்த தழும்பு உள்ள கால். தடவிப் பார்த்த கை அப்படியே நின்றது.

"சின்னவனா?"

"ஆமாண்ணே."

அடுப்பில் அண்டாத் தண்ணீர் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஊத்துலே. எரியுதுல்லா."

சித்தப்பா ஊற்றினார். வாளி காலியான பிறகும், நிரப்பி நிரப்பி ஊற்றிக்கொண்டே இருந்தார். தை மாதம் இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் காட்டுக்குப் போய் வரப்பைச் சரிசெய்து வந்தார்கள்.

அன்று, சித்தப்பா ஊற்றிக்கொண்டிருக்கும்போதே நான் மாமாவைத் தேடிப் போனேன். வாசல்படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த தம்ளர் காப்பி வேட்டியெல்லாம் சிந்தியிருந்தது.

"பயந்துட்டேன்ட்டி" என்றார்.

அவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.