சத்திரக்காரி ஓதோசேயின் அகால மரணம்

"உங்க பெரியம்மா பேரு என்னன்னு சொல்லுங்க, குவாபாரா சான். அறிவிப்புப் பலகையில போடணும்."

அலுவலகத்திலிருந்து போனில் தொரிகோயே. கம்பெனியில் யார் வீட்டில் கல்யாணம், சாவு என்றாலும் அவள் பொறுப்பு.

பெரியம்மா செத்துப்போனதாகக் காலையில் லீவு சொன்ன குவாபாராவுக்கு, அந்தப் பெரியம்மாவுக்கு ஒரு பெயர் தேவைப்படும் என்று தோன்றவேயில்லை.

உண்மையில் செத்தது யாருமில்லை. பதினான்கு வயதில் கண் சிவக்கச் சிவக்க அவர் விளையாடிய 'ஏழு மணிகள்' என்ற சாகச ஆட்டம், கணினிக்கென்று புதுமெருகோடு அன்றுதான் வெளியாகியிருந்தது. பதிவிறங்கி முடியவே மதியமாகிவிட்டது. "நாளைக்கு வீடியோ கேமுக்கெல்லாம் லீவு கிடையாது. வீட்ல சாவு விழுந்தா மட்டும் சொல்லுங்க" என்று முந்தின நாள் காலைக் கூட்டத்தில் மேனேஜர் மினேகிஷி மேசையைத் தட்டிச் சொல்லியிருந்தார். மாட்டினால் நேராகக் கிடங்குக்கு மாற்றல்.

எதிரே திரையில், முதல் ஊரின் சத்திரக்காரி ஓதோசே நாயகனுக்குச் சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஓதோசே," என்றார்.

மறுமுனையில் தட்டச்சு ஒலி ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

"எப்படி இறந்தாங்க?"

முப்பத்தேழு வருடங்களுக்கு முன்பு போலவே திரையில் ஓதோசே குடத்தோடு கிணற்றடிக்குப் போனாள். கிணற்றுக்குள் ஏதோ நெளிந்தது.

"பாம்பு," என்றார் குவாபாரா. "கொஞ்சம் பெரிய பாம்பு."

"ஓகோ."

பிப்ரவரிப் பனியில் பாம்பு ஏது என்று அவள் கேட்கவேயில்லை.

"இறுதிச் சடங்கு எந்த மண்டபத்துல? பூ அனுப்பணும்."

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம்! குடும்பத்தோட வீட்லயே முடிச்சிட்டோம்."

"அப்போ வீட்டுக்கே வந்து ஊதுபத்தி ஏத்திட்டுப் போறேன். கம்பெனி சார்பா யாராவது வரணுமே. அரைமணி நேரத்துல அங்க இருப்பேன்."

போனை வைத்துவிட்டாள்.

"ஃபுசாயே! உடனே ஒரு பெரியம்மா வேணும்!" என்று அலறினார் குவாபாரா.

விஷயத்தைக் கேட்ட மனைவி, கையிலிருந்த முள்ளங்கியை மெதுவாகக் கீழே வைத்தாள். "ஐம்பத்தோரு வயசு. ஒரு பொய்யைக்கூட உருப்படியா சொல்லத் தெரியலை. சரி, போட்டோவுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

திரையைப் படம்பிடித்து அச்சடித்தார். அந்தக் காலத்து ஓதோசே பதினாறு புள்ளி அகலம், மூக்குகூடக் கிடையாது. புதுப்பதிப்பிலோ பளிங்கு முகம்.

"பெரியம்மாவுக்கு என்ன வயசு, இருபத்தஞ்சா?"

"புதுசுல அழகாக்கிட்டானுங்க. நான் என்ன பண்ண?"

"முடி வேற பச்சையா இருக்கு."

"கறுப்பு வெள்ளையில அடிச்சுடறேன்."

மகளின் நீச்சல் சான்றிதழைக் கழற்றி எறிந்து, அந்தச் சட்டத்துக்குள் ஓதோசேயை வைத்தார்கள். கறுப்பு நாடாவுக்குக் காலணிக் கயிறு. குச்சியால் தட்டும் பூசைமணிக்குப் பதில் சோற்றுக் கிண்ணமும் சாப்பிடும் குச்சியும். மெழுகுவத்திகள் போன பிறந்தநாளில் மிஞ்சியவை. கணினியை அணைக்கப் போனால் அது ஓதோசே சாகும் காட்சியிலேயே உறைந்துபோய், சோக வயலினைத் திரும்பத் திரும்ப இழைத்தது.

"விடுங்க, சாவு வீட்டுக்குப் பொருத்தமாத்தான் இருக்கு," என்றாள் ஃபுசாயே.

அழைப்புமணி அடித்தது.

தலை முதல் கால் வரை கறுப்பில் வந்தாள் தொரிகோயே. மண்டியிட்டு அமர்ந்து ஊதுபத்தி ஏற்றினாள். கிண்ணத்தைத் தட்டினாள். 'டொக்' என்றது. அவள் கண்கூடச் சிமிட்டவில்லை. கைகூப்பிவிட்டுப் படத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

"ரொம்ப நல்லவங்க," என்றார் குவாபாரா, வியர்வையைத் துடைத்தபடி. "எல்லாருக்கும் சூப் ஊத்துவாங்க."

"தெரியும்." தொரிகோயே மரத்துப்போன முழங்காலைத் தேய்த்துக்கொண்டே எழுந்தாள். "இந்த அம்மாவுக்கு இன்னிக்கு நான் ஊதுபத்தி ஏத்துற நாலாவது வீடு இது, குவாபாரா சான். மேனேஜர் வீட்ல மட்டும் பச்சை முடியோடவே வச்சிருந்தாரு."