தார்ப்பாயில் ஐந்து குவியல்

மரக்காணம்,
சனிக்கிழமை சாயங்காலம்.

அன்பு மகள் சகாயசெல்விக்கு,

மாதா புண்ணியத்தில் நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்பி அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். உடுத்தத் துணி மட்டும் கொஞ்சம் குறைவு. இந்த நேரத்தில் உன் அப்பா இடுப்பில் இருப்பது வேட்டியும் அல்ல, லுங்கியும் அல்ல. நடு ஜன்னலில் தொங்கிய பூப்போட்ட திரை. கம்பி கோர்க்கிற மடிப்பில் ஒரு கயிற்றைக் கோர்த்துக் கட்டினால் நன்றாகவே நிற்கிறது. வாசலுக்குத்தான் போக முடியாது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத நேரம் கிடைத்தது. போனில் சொல்லலாமே என்பாய். உன் அம்மா கூப்பிடு தூரத்தில் இருக்கிறாள். அதுவுமில்லாமல் போன தடவை நீ ஸ்பீக்கரில் போட்டு, ஹாஸ்டல் பிள்ளைகள் எல்லாம் சிரித்தது எனக்கு மறக்கவில்லை.

முதலில் நல்ல சேதி. துணி துவைக்கிற மெஷின் ஜெயித்துவிட்டது செல்வி! உன் அம்மா கையாலேயே பட்டனை அமுக்கினாள்! எப்படி என்று கேள்.

நீ அனுப்பி பத்து நாளாகியும் அவள் அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை என்பது உனக்குத் தெரியும். உப்பு வாரி வாரி உள்ளங்கை வெடித்துக் கிடக்கிறது, சோப்புத் தண்ணீரில் கை வைக்காதே என்று டாக்டர் சொன்னார், கேட்டாளா? கடைசியில் பந்தயம் கட்டினாள். "ஞாயித்துக்கெழமைக்குள்ள நீ ஒரு தடவை ஒழுங்கா தொவைச்சுக் காட்டு, நான் தொவைக்கிற கல்லை உட்டுடறேன். ஒரு துணி வீணாச்சுன்னாலும் அந்தப் பொட்டி வந்த வழியே திரும்பிப் போவணும்." எட்டாம் கிளாஸோடு நின்றவனுக்கு இப்படி ஒரு பரீட்சை. நீ நோட்டுத்தாளில் எழுதி அனுப்பியதை ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்தேன். வெள்ளை தனி, கலர் தனி, பாலியஸ்டர் தனி, பட்டு தனி. வெள்ளைக்கு அறுபது டிகிரி, கலருக்கு முப்பது, பட்டுக்குப் பச்சைத்தண்ணி.

இன்று காலை அம்மா மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போனதும் ஆரம்பித்தேன். வீட்டுக்குள் இடம் ஏது? உப்பு மூடுகிற நீலத் தார்ப்பாயை வாசலில் விரித்தேன். குவியல் போடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது, உப்பளத்தில் முப்பது வருஷ அனுபவம். மெஷின் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து "வெள்ளை", "கலர்", "பாலியஸ்டர்", "பட்டு" என்று பெரிசாக எழுதி நட்டுவைத்தேன். அம்மா வேலைக்குக் கட்டுகிற எட்டுப் புடவைதான் தகராறு. எதில் சேர்ப்பது என்று உன் தாளில் இல்லை. கலர் என்று சொல்லவும் மனம் வரவில்லை, வெள்ளை என்று சொல்லவும் வழியில்லை. அட்டை வைக்காமல் ஓரமாக ஐந்தாவது குவியலாகப் போட்டேன்.

எடுத்த எடுப்பில் நல்ல துணியைப் போட்டு வம்பாகிவிடக் கூடாதே என்று சோதனைக்கு ஒரே ஒரு கைக்குட்டையை உள்ளே விட்டு அறுபதை அமுக்கினேன். கதவு பூட்டிக்கொண்டது. இரண்டு மணி பத்து நிமிஷம் என்று காட்டியது. ஒரு கைக்குட்டைக்கு! நிறுத்தத் தெரியாமல், நகரவும் பயந்து, அந்த நம்பர் குறைவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது போட்ட ஆட்டத்தில் வாசலில் நடந்தது ஒன்றும் காதில் விழவில்லை.

வாசலில் என்ன நடந்தது தெரியுமா? மழைத்தண்ணீர் புகுந்த வீடுகளுக்குச் சனிக்கிழமை துணி கொடுப்பார்கள், இடம் பிறகு சொல்லப்படும் என்று போன ஞாயிறு பூசையில் ஃபாதர் அறிவித்திருந்தார். எனக்குச் சுத்தமாக மறந்துபோனது. சனிக்கிழமை, தார்ப்பாய், வகைவகையாகத் துணி, அட்டையில் பெயர். ஜனம் வேறு என்ன நினைக்கும்?

கைக்குட்டையைக் காப்பாற்றிக்கொண்டு வெளியே வந்தால் தெருவே வரிசையில் நிற்கிறது. நம் பக்கத்து வீட்டுத் தம்பி பாவாடை, அதிகாரி மாதிரி நடுவில் நின்று, "ஏம்மா, தள்ளாதீங்க! ஆளுக்கு ரெண்டுதான்!" என்று கத்துகிறான். "இந்த வாட்டி எவ்ளோ அழகா பிரிச்சு வச்சிருக்காங்க பாரு. போன புயலுக்குக் கோட்டும் சூட்டும்ல குடுத்தாங்க" என்று ஒருத்தி என் வேலைப்பாட்டைப் புகழ்கிறாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"டேய் பாவாடை, இது வந்து..." என்று இழுத்தேன்.

"வாண்ணே! இவ்ளோ லேட்டாவா வர்றது? வேட்டியெல்லாம் போயிடுச்சு. போய் வரிசைல நில்லு."

அப்போது லட்சுமியம்மாள் என் வெள்ளைச் சட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "எம் பையன் இண்டர்வியூக்குப் போட்டுக்குவான்" என்று சிரித்துக்கொண்டே போனாள். அதைப் பார்த்த பிறகு எங்கே வாய் வரும்? பேசாமல் போய் வரிசையில் நின்றேன். ஆமாம் செல்வி, என் வாசலில், என் துணிக்கு, நானே. என் முறை வந்தபோது, "கோச்சுக்காதண்ணே, ஆம்பளைங்களுக்கு இதான் இருக்குது" என்று நம் வீட்டுத் தலையணை உறை இரண்டை என் கையில் கொடுத்தான். நன்றி என்று வேறு சொல்லித்தொலைத்தேன்.

அந்த நேரம் பார்த்து உன் அம்மா வந்துவிட்டாள். "யோவ்! இன்னாய்யா இது? எங்கய்யா என் வூட்டுத் துணி?"

நான் தலையணை உறைகளை நீட்டினேன்.

தெருவுக்கு விஷயம் புரிந்ததும் எல்லோரும் பதறி, எடுத்ததைத் திருப்பிக்கொண்டு ஓடிவந்தார்கள். உன் அம்மா வாங்கவில்லை. "வூட்டுல தண்ணி பூந்து நிக்கிறவங்க கட்டிக்கிட்டா கொறைஞ்சா பூடும்? கொண்டுபோங்க. பட்டு ரெண்டை மட்டும் வச்சிட்டுப் போங்கம்மா" என்றாள். அப்புறம் தார்ப்பாயைப் பார்த்தாள். அவள் புடவை எட்டும் போட்டது போட்டபடி இருந்தன. முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "பார்த்தியா? உன் துணிய வாரிக்கினு போனாங்க. என் புடவைன்னு தெரிஞ்சு ஒருத்தி தொட்டாளா? தெருவுல எனக்குள்ள மரியாதை உனக்கு இருக்குதா?"

"இல்ல அந்தோணி, இல்ல" என்று உன் அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான், "சரி, இதையாவது போட்டுத் தொலை, எப்படித்தான் பண்ணுதுன்னு பாக்கறேன்" என்று அவளே எட்டையும் அள்ளிப் போட்டு, நான் காட்டிய முப்பதை அமுக்கினாள்! கண்ணாடிக் கதவு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தவள் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. "யோவ், இங்க வா, என் கிளிப்பச்சை மேல வருது பாரு! தோ, கத்திரிப்பூ!" என்று கூவுகிறாள். நானும் குனிந்து குனிந்து பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் அவள் கை இரண்டும் ஈரம் படாமல் மடியில் கிடந்தது, அது நன்றாகத் தெரிந்தது. முடிந்ததும் முகர்ந்து பார்த்துவிட்டு, "அப்ப அந்தக் கல்லை இன்னாய்யா பண்றது?" என்றாள். "அதுமேல உக்காந்து காத்து வாங்கு" என்றேன். அடுத்த தடவை போடத் துணி தேடினாள், ஒன்றும் கிடைக்கவில்லை. நான் கட்டியிருந்த லுங்கியை அவிழ்த்துக் கொடு என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள். திரையின் கதை அதுதான்.

கிறிஸ்துமஸுக்கு வரும்போது அம்மாவுக்கு இரண்டு புடவை வாங்கி வா. நல்ல அடர்ந்த கலராக இருக்கட்டும். ஏன் என்று கேட்டால் ஒன்று எடுத்தால் ஒன்று இலவசம் என்று கடையில் கட்டாயப்படுத்தினார்கள் என்று சொல். எனக்கு ஒரு லுங்கி போதும்.

வேளைக்குச் சாப்பிடு. மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

உன் அப்பா,
சவரிமுத்து

பி.கு.: அந்த மரியாதை விஷயம் அப்படி இல்லை செல்வி. வரிசையில் எனக்கு முன்னால் நின்றது சின்னப்பாப்பா, முழங்கால் தண்ணீர் புகுந்த வீடு. மேலே இருந்த புடவையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு பதமாக நாலாய் மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள். "எடுத்துக்கயேன்" என்றான் பாவாடை. "வேணாம்ணே. யாரோ நம்மளவிட இல்லாதவங்க குடுத்திருக்காங்க. அதைப் போயி எடுக்கக் கூடாது" என்றாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் அதன் பிறகு தொடவில்லை. அது யாருடைய புடவை என்று நான் அங்கேயும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை.