மயிலாடும்பாறைக்காரர் சிரித்த படம்

படத்தைப் பார்த்துவிட்டு அபிப்பிராயம் சொல்ல யாராலும் முடியும். பார்க்காமல் சொல்வதற்குத்தான் துணிச்சல் வேண்டும். இருபத்தோரு வயதில் எனக்கு அந்தத் துணிச்சல் ஏராளமாக இருந்தது. அறிவுதான் கூட வரவில்லை.

யுத்த காலம். தேனி கடைத்தெருவில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை எனக்கு. சொந்த ஊர் பொட்டிப்புரம். வீட்டில் மற்றவர்கள் எல்லாரும் மண்ணைக் கிண்டிக்கொண்டிருக்க, நான் மட்டும் ஈய எழுத்துகளைக் கிண்டிக்கொண்டிருந்தேன். ஊருக்குப் போனால் "பத்திரிகையில் வேலை" என்று சொல்லிக்கொள்வேன். (பொய் இல்லை. கல்யாணப் பத்திரிகை.)

அப்போது தேனிக்கு வெளியே ஒரு டூரிங் கொட்டகை இருந்தது. அதன் சொந்தக்காரர் ரத்தினம் அண்ணன். முந்தின வருசம் அவர் 'சாட்டைக்காரன்' என்று ஒரு சண்டைப் படம் போட்டார். வெள்ளைக் குதிரையில் வந்து சாட்டையாலேயே பத்துப் பேரைச் சாய்க்கும் வீரனின் கதை. ஒன்பது தடவை பார்த்தேன். அச்சகத்தில் துண்டை முறுக்கிச் சாட்டை மாதிரிச் சுழற்றி, முதலாளியின் மைக்கூட்டைத் தட்டிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

அந்தப் படத்துக்கு இரண்டாம் பாகம் வந்தது. ஒரு புதன்கிழமை காலை, முதலாளி காகிதம் வாங்க மதுரைக்குப் போயிருந்த நேரத்தில், ரத்தினம் அண்ணன் வந்தார்.

"முத்தையா, வெள்ளிக்கிழமை 'சாட்டைக்காரன் மகன்' போடுறோம். நோட்டீஸ்ல, படம் பாத்தவுக சொன்ன அபிப்பிராயம்னு நாலு வரி சேத்துரு. மதுரையில இப்ப அப்படித்தான் போடுறாக."

"படம் எப்படிண்ணே இருக்கு?"

"பெட்டியே இன்னும் வந்து சேரல."

"அப்ப யாருண்ணே பாத்தது?"

"அதுக்குத்தானலே உங்கிட்ட வந்தேன்."

என் எழுத்துத் திறமையை உலகம் கண்டுகொண்ட முதல் நாள் அது. (கடைசி நாளும் அதுவே.) மளமளவென்று எழுதினேன். 'முதல் பாகம் தீப்பொறி, இது காட்டுத்தீ' என்று கம்பத்து வியாபாரி ஒருவரைச் சொல்ல வைத்தேன். 'குதிரையின் நடிப்பைக் கண்டு கண்ணீர் விட்டேன்' என்று உத்தமபாளையத்து உபாத்தியாயர் ஒருவரை அழ வைத்தேன். ரத்தினம் அண்ணன் படித்துவிட்டு, "ஒருத்தரு பேராவது முழுசா இருக்கணும். அப்பத்தான் நம்புவாக" என்று சொல்லிவிட்டுப் போனார்.

யார் பெயரைப் போடுவது என்று நான் யோசிக்கவே இல்லை. அச்சடித்து முடித்ததும் எழுத்துகளைப் பிரித்து, எழுத்துப் பெட்டியில் அந்தந்தக் குழியில் போட்டுவிட வேண்டும். நான் சோம்பேறி. முந்தின வாரங்களில் அடித்ததையெல்லாம் பிரிக்காமல், நூலால் கட்டி அலமாரியில் அடுக்கி வைத்திருந்தேன். அதில் ஒரு கட்டுக்குள், கோத்தபடியே தடித்த எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. மயிலாடும்பாறை வீ. பொன்னுச்சாமி. அந்த வரியை அப்படியே உருவி நோட்டீஸில் வைத்து, பக்கத்தில் கோத்தேன்: 'குடும்பத்தோடு பார்த்தேன். வயிறு குலுங்கச் சிரித்தேன். மறுபடியும் போகப் போகிறேன்.'

வேலை மிச்சம் என்று சந்தோசப்பட்டேன். அந்தக் கட்டு ஒரு கருமாதி அட்டை. அதைக் கோத்ததும் நான்தான்.

ரோஸ் நிற நோட்டீஸ் கட்டுகளை ரத்தினம் அண்ணன் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடிய பஸ்களின் கண்டக்டர்களிடம் கொடுத்து, வருசநாடு வரைக்கும் இறைக்கச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று பேர் அச்சகத்துக்கு வந்தார்கள். இரண்டு பேர் வாட்டசாட்டமானவர்கள், அண்ணன் தம்பி என்று முகமே சொன்னது. மூன்றாமவர் மூன்று வாரத் தாடியோடு பின்னால் நின்றார். மூத்தவர் மடித்து வைத்திருந்த ரோஸ் நோட்டீஸை என் முன்னால் வைத்தார்.

"இத எழுதுனது யாரு?"

பாராட்ட வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். எழுந்து நின்று, வேட்டியைச் சரி செய்துகொண்டு, "நான்தாங்க. எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

இதை எழுதும்போதுகூட அந்த 'எப்படி இருக்கு' என் காதில் விழுகிறது.

"எங்க அக்கா செத்து இருவத்தி மூணு நாளாச்சு" என்றார் மூத்தவர். "இவுக எங்க மச்சான். வயிறு குலுங்கச் சிரிச்சாகளாம்ல."

தாடிக்காரர் முன்னால் வந்தார். "நான் எந்தப் படமும் பாக்கலன்னு சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்கிறாக. நீயே சொல்லு தம்பி. உங்கிட்ட நான் வந்து சொன்னேனா?"

"இல்லீங்கய்யா."

"அப்ப எம்பேரு உனக்கு எங்கன கெடச்சுச்சு?"

அலமாரியைக் கை காட்டினேன். நூல் கட்டிய கட்டை அவரே கையில் எடுத்தார். ஒரு வரி உருவப்பட்ட இடம் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. மேல் வரியை விரலால் தடவினார். அச்சு எழுத்து இடவலமாகத் திரும்பி இருக்கும். பழகாதவர்களால் படிக்க முடியாது.

"இது என்ன?"

"அம்மா பேருங்க. காமாட்சின்னு."

அவர் விரலில் மை ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமல் நின்றார். இளையவர் என் சட்டையைப் பிடித்தார். தாடிக்காரர்தான், "விடுப்பா. அவன அடிச்சா ஊரு வாய் மூடிருமா" என்றார்.

மூத்தவருக்குச் சந்தேகம் தீரவில்லை. "பத்து நாளைக்கு முன்னால பருத்தி கொண்டுட்டு மதுரைக்குப் போனீகல்ல மச்சான். அங்கன இந்தப் படம் ஓடுனதாச் சொல்றாக. நீங்களும் இந்தப் பயலும் பேசி வச்சுக்கிட்டுச் சொல்லலன்னு எப்படி நம்ப? அக்கா இல்லாத வீட்டுல எங்களுக்கு என்ன சோலி. உறவ இன்னையோட முடிச்சுக்கிருவோம்."

பொன்னுச்சாமி ரோஸ் நோட்டீஸைத் தன் பக்கம் இழுத்துத் தேதியைப் பார்த்தார். பிறகு, "இன்னைக்குப் பொழுது சாய இங்கன அந்தப் படத்தப் போடுறாகல்ல. ரெண்டு பேரும் போய்ப் பாருங்க. சிரிக்கிற மாதிரி இருந்துச்சுன்னா, நான் சிரிச்சேன்னே வச்சுக்கங்க. துக்கக்காரன் நான் உள்ள வரல" என்றார்.

சூரியன் இறங்கியதும் நால்வரும் கொட்டகைக்குப் போனோம். அண்ணனும் தம்பியும் உள்ளே போனார்கள். பொன்னுச்சாமி வெளியே புளியமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்தார். நானும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். ஓடிப்போகலாம்தான். கால் வரவில்லை.

ஒரு படம் நன்றாக இருந்துவிடக் கூடாது என்று நான் சாமி கும்பிட்டது அந்த ஒரு நாள்தான். சாமி கேட்டார். பத்து நிமிடத்தில் கொட்டகைத் துணியைத் தாண்டி அபிப்பிராயங்கள் வரத் தொடங்கின. நான் எழுதாத, அசல் அபிப்பிராயங்கள்.

"ஏலே, அப்பனவிட மகன் கெழவனா இருக்கானேடா."

"இது போன படத்துச் சண்டைல்ல. அதையே வெட்டி ஒட்டியிருக்கான்."

"அரமணைச் செவுரு ஆடுதப்பா. காத்தடிக்கப் போகுது, கதவச் சாத்துங்க."

பொன்னுச்சாமி தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "போன வருசம் மொதப் படத்துக்கு அவளக் கூட்டிட்டு வந்தேன். சண்டையெல்லாம் அவளுக்குப் பிடிக்கல. அந்த வெள்ளக் குதிரையத்தான் ஊரு போய்ச் சேர்ற மட்டும் பேசிக்கிட்டே வந்தா. இதுலயும் அந்தக் குதிரை வருதா?"

குதிரையின் நடிப்புக்காக உபாத்தியாயரைக் கண்ணீர் விட வைத்தவன் நான்.

"தெரியாதுங்கய்யா. நான் இன்னும் படம் பாக்கல."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "பாக்காமத்தான் எழுதுனியா" என்று மட்டும் கேட்டுவிட்டு மறுபடியும் தரையைப் பார்த்தார். எனக்கு அந்த மண்ணுக்குள் புகுந்துவிடலாம் போல இருந்தது.

அதற்குள் கொட்டகை முழுவதும் ஒரே சிரிப்பு வெடித்தது. கூரை தூக்கிக்கொண்டு போகும் சிரிப்பு. பொன்னுச்சாமியின் முகம் மாறிவிட்டது. சிரித்துவிட்டார்கள். எல்லாம் முடிந்தது.

படம் முடிவதற்கு முன்பே அண்ணனும் தம்பியும் வெளியே வந்தார்கள். மூத்தவர் சொன்னார்.

"இத ஒருத்தன் குடும்பத்தோட பாத்து, மறுபடியும் போறேன்னு சொல்லியிருப்பானா? பாவிக. மலைக்கு அந்தப் பக்கம் வெள்ளக் குதிரையில போறான், இந்தப் பக்கம் செவலக் குதிரையில வாரான். மச்சான் இதப் பாத்திருக்க மாட்டாக. பாத்திருந்தா ஊரக் கூட்டித் திட்டியிருப்பாக."

இளையவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். திடீரென்று குரல் உடைந்தது.

"நான் சிரிச்சுட்டேன் மச்சான். வில்லனுக்கு மீச கழண்டு சாட்டையில ஒட்டிக்கிருச்சு. எல்லாரும் சிரிச்சாக. அக்கா போயி இருவத்தி மூணு நாள்தான் ஆகுது. நானும் சிரிச்சுட்டேன்."

பொன்னுச்சாமி எழுந்து, துண்டை உதறி, அவர் தோளில் கை வைத்தார். "சிரிச்சா என்னப்பா. அவ இருந்திருந்தா மொத ஆளாச் சிரிச்சிருப்பா."

அந்த வாட்டசாட்டமான மனிதர் மச்சான் தோளில் முகத்தை வைத்து அழுதார். மூத்தவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று பேரும் அல்லிநகரத்தில் இருந்த சொந்தக்காரர் வீட்டுக்கு நடந்தார்கள். நாலடி போனபின் பொன்னுச்சாமி நின்றார்.

"தம்பி, நாளைக்கு மொத வேலையா அந்தக் கட்டப் பிரிச்சுப் போட்டுரு."

மறுநாள் காலையில் பிரித்தேன். கா, மா, ட், சி. ஒவ்வொன்றையும் அதனதன் குழியில் போட்டேன். பாதி வேலையில் ரத்தினம் அண்ணன் வந்து, "நேத்துப் படத்துல யாரோ ஒரு ஆளு விழுந்து விழுந்து சிரிச்சாராம்ல. ஊரு பேரு விசாரிச்சியா? அடுத்த நோட்டீஸ்ல போடலாம்" என்றார். என்னிடமிருந்து அந்த மாதிரி வசவு வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கொட்டகை நோட்டீஸ் வேலை அதோடு வேறு அச்சகத்துக்குப் போனது. முதலாளியிடம் அதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பிறகு கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, இந்தக் கதை வீட்டுக்குள் புகுந்துவிட்டது. குழம்பை வாயில் வைப்பதற்கு முன்னால் "பிரமாதம்" என்று சொன்னால், என் மனைவி, "மயிலாடும்பாறைக்காரரு சொல்லிட்டாரு" என்பாள். புது மாப்பிள்ளை வந்தால் முதல் விருந்தில் இந்தக் கதைதான். மகள்கள் மீசை கழன்று சாட்டையில் ஒட்டியதை நடித்தே காட்டுவார்கள். வீடு சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

அவர்கள் சொல்வது நான் சொல்லிக்கொடுத்த கதை. அதில் பொன்னுச்சாமி ஒரு முன்கோபி, சினிமாவே பிடிக்காத ஆள், பெயரை அச்சடித்துவிட்டார்கள் என்று சண்டைக்கு வந்தவர். அவ்வளவுதான். அவருக்கு ஒரு மனைவி இருந்ததாக நான் யாரிடமும் சொன்னதே இல்லை.