முழங்காலுக்கு மேல் வளராத செடி

செடி வளர்ப்பவர்கள் ஒரு ரகம், செடி தேர்ந்தெடுப்பவர்கள் வேறு ரகம். முதல் ரகத்தாருக்கு நகக்கண்ணில் மண் இருக்கும். இரண்டாம் ரகத்தாருக்குச் சட்டைப்பையில் அளவு நாடா இருக்கும். நான் சொல்ல வந்தது அளவு நாடாக்காரரைப் பற்றி.

உங்களுக்கு இவரைத் தெரியும். எனக்கோ அடுத்த வீடு. வீட்டுக்குப் பின்னால், நாலு பக்கமும் மதில் சூழ்ந்த, இரண்டு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் தோட்டம் அவருக்கு. அதில் வைக்க, வருஷம் முழுக்கப் பச்சையாக, இலை கொட்டாமல், குட்டையாகவே இருக்கும் செடி வேண்டுமென்று மனிதர் ஏறி இறங்காத நர்சரி இல்லை, நர்சரிக்காரர் ஒன்றைத் தூக்கிக் காட்டினால் அதைச் சுற்றி வந்து, குனிந்து, இலையைக் கிள்ளி முகர்ந்து, நாடாவை நீட்டி, "இது எவ்வளவு வளரும்?" என்று கேட்டு, பதில் வந்ததும் "எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த நர்சரிக்குப் போய்விடுவார். மகளுக்கு வந்த மாப்பிள்ளையைக்கூட அவர் இத்தனை விசாரித்ததில்லை.

அவர் மனைவி கேட்டது ஒன்றுதான். "என்ன வேணா வைங்க. சமையலறை ஜன்னலை மட்டும் மறைச்சிடாதீங்க. எனக்கு இருக்கிறது அந்த ஒரு வெளிச்சந்தான்."

"முழங்காலுக்கு மேல ஒரு இலை வந்தா என்னைக் கேளு!"

ஒருவழியாக நட்டார். என்ன அதிசயம்! வருஷங்கள் போயும் செடிகள் முழங்காலைத் தாண்டவில்லை. சும்மா இருப்பாரா? வீட்டுக்கு வந்தவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்குமுன் தோட்டத்துக்கு இழுத்துப்போவார். "கத்தரிக்கவே வேண்டாம் சார். தேர்ந்தெடுக்கத் தெரியணும், அவ்வளவுதான்!" மின்சார மீட்டர் பார்க்க வந்தவர்கூடத் தப்பவில்லை.

போன வருஷம் மகளின் பிரசவத்துக்கு அந்த அம்மாள் வெளியூர் போனார். பேத்தியைக் கொஞ்சிவிட்டுத் திரும்ப மாதக்கணக்காகிவிட்டது. அதற்குள் செடிகள் இடுப்பைத் தாண்டி, நெஞ்சைத் தாண்டி, ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தன. இவர் என்னைக் கூப்பிட்டு விட்டார்.

"உங்க வீட்டு உரம் மதிலுக்கு அடியில கசிஞ்சு வந்திருக்கு சார்."

என் வீட்டில் இருப்பது தொட்டியில் ஒரே ஒரு கற்றாழை. அதுவும் சாகக் கிடக்கிறது.

நாங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதுதான் அம்மாள் வந்து பெட்டியை இறக்கினார். சமையலறைக்குள் போனவர் பட்டப்பகலில் விளக்கைப் போட வேண்டியிருந்தது. இழுப்பறையைத் திறந்து பழைய கத்தரிக்கோல் ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"நீங்க போய்க் குளிச்சிட்டு வாங்க" என்றார் கணவரிடம்.

அவர் தலை மறைந்ததும் கிளைகள் விழத் தொடங்கின. "இத்தனை வருஷமும் இவர் குளிக்கிற நேரந்தான் தம்பி எனக்கு" என்றார் என்னிடம். "நல்லவேளை, நிதானமா குளிப்பார்." எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஈரத்தலையோடு வந்த மனிதர் செடிகளைப் பார்த்தார், கத்தரிக்கோலைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார். அசரவில்லையே!

"இந்த ஒரு தடவைதான். இனி தொடவே வேண்டாம். நான் பார்த்துப் பார்த்து எடுத்த ரகமாச்சே!"

"ஆமாங்க" என்று கத்தரிக்கோலைத் துடைத்தார் அம்மாள். ஜன்னலில் வெளிச்சம் வந்திருந்தது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்தது எதுவும் இதுவரை சோடை போனதில்லை என்று நாலு பேரிடம் நீங்களும் சொல்லிக்கொண்டுதானே திரிகிறீர்கள்? சிரித்து முடித்ததும், உங்கள் வீட்டுச் சமையலறை இழுப்பறையை ஒரு முறை திறந்து பாருங்கள்.