பேக் ராஜரத்தினத்தின் எதிர்கால ஆற்றல்

உலகில் எந்த ஹாக்கி வீரரையும் தேயிலைத் தொழிற்சாலையின் டீமேக்கர் ஒருவர் கண்டுபிடித்ததாகச் சரித்திரம் இல்லை. சரித்திரத்தின் இந்தப் பெருங்குறையைக் கருங்குயில் எஸ்டேட் டீமேக்கர் அழகர்சாமி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு ஜூன் மாதத்தில் தீர்த்து வைத்தார். அதற்குப் பலியானது சின்னத் துரையின் ஜீப் கண்ணாடி ஒன்று மட்டுமே.

அன்று மாலை எஸ்டேட் மைதானத்தில் அவர் ஒரு செயல்விளக்கம் நடத்தினார். ‘பேக்’ என்பவன் கோலுக்கு முன்னால் நின்று எதிரியைத் தடுக்கிறவன். அவன் பந்தை எப்படி வெளியே அடித்து விரட்ட வேண்டும் என்பதுதான் அன்றைய பாடம். ஐம்பது வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மட்டையை ஓங்கி விரட்டினார். போக வேண்டிய திசையைத் தவிர மற்றதையெல்லாம் பரிசீலித்த பந்து, ஜீப்பைத் தேர்ந்தெடுத்தது. அங்கே கண்ணாடியை முடித்துக்கொண்டு சரிவில் இறங்கி, கொழுந்து நிறுக்க வரிசையில் நின்ற பெண்களின் கால்களைக் குறிவைத்தது. பக்கத்தில் உர மூட்டை இறக்கிக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன் மூட்டையைப் போட்டுவிட்டு, கீழே கிடந்த மண்வெட்டியை எடுத்துக் குறுக்கே சாய்த்தான். பந்து அதன் தகட்டில் வந்து, பால் குடித்த பூனை மாதிரிப் படுத்துக்கொண்டது.

“தொரை, பாத்தீங்களா!” என்று கத்தினார் அழகர்சாமி. “அந்தப் பையனைச் சோதிக்கத்தானுங்க அப்படி அடிச்சேன்!”

எஸ்டேட்டின் உதவி மேலாளரான சின்னத் துரை லெஸ்லி, கண்ணாடித் தூளைப் பார்த்தார். “என் ஜீப்பையும் சோதிச்சாச்சா, மேன்?”

இளைஞனின் பெயர் ராஜரத்தினம். வயது பத்தொன்பது. இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து தாய் சின்னம்மையோடு கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, மலைக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. இருவருக்கும் தினக்கூலி. எஸ்டேட் பதிவேட்டில் பேர் ஏறினால்தான் நிரந்தர வேலை. பேர் இருந்தால்தான் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அறை. அதுவரைக்கும் உரக் கிடங்குக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதன் கூரை வழியாக வானம் நன்றாகத் தெரியும்.

எஸ்டேட் அணியில் ஆடுகிறவனுக்கு ஒரு சலுகை இருந்தது. தேர்வுக் குழு, ‘தகுதியானவர்’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டால் மறுநாளே பேர் ஏறிவிடும். குழுவில் மூன்று பேர்: தலைவர் லெஸ்லி, செயலாளர் ரைட்டர் மனுவேல், ‘தொழில்நுட்ப வல்லுநர்’ அழகர்சாமி. வல்லுநர் கையெழுத்து வைக்காமல் மற்ற இருவரும் வைப்பதில்லை என்பது மரபு.

நன்றாக ஆடுகிறவனை, நன்றாக ஆடுகிறான் என்று உடனே எடுத்துக்கொள்வது பாமரர் வழக்கம். நவீன காலத்தில் அவனுடைய ‘எதிர்கால ஆற்றல்’ அளக்கப்பட வேண்டும். அளப்பதற்கு அழகர்சாமிக்குத் தெரிந்த ஒரே விஞ்ஞானம் தேயிலை. முப்பது வருஷமாகக் கொழுந்தை வாட்டறையில் பரப்பி, கையில் பிசைந்து, மூக்கருகே வைத்து, “இப்ப சரி” என்று சொல்லி வருகிறவர். அந்த மூக்கை நம்பித்தான் இயந்திரமே ஓடும். ஆகவே ராஜரத்தினத்தை இரண்டு மணி நேரம் வாட்டறையில் நிற்க வைத்தார். பிறகு அவன் உள்ளங்கையைப் பிடித்து மோந்து பார்த்தார்.

“என்ன வாசம் வருதுங்கய்யா?”

“பேசாதே கண்ணு. பேசினா வாசம் மாறிடும்.”

முதல் அறிக்கை இவ்வாறு அமைந்தது: ‘நிறம் உண்டு. திடம் உண்டு. இன்னும் வாட வேண்டும்.’

அந்த மழைக்காலத்தில் எஸ்டேட் அணி ஒன்பது ஆட்டங்கள் ஆடியது. பேக் ராஜரத்தினம் ஒன்பதிலும் ஆடினான். டிசம்பரில் குழு போண்டாவுடன் கூடியது.

“எத்தனை கோல் விட்டிருக்கான்?” என்றார் லெஸ்லி.

மனுவேல் குறிப்பைப் புரட்டினார். “ஒண்ணும் விடலை, சார்.”

“வெரி குட். அப்ப கையெழுத்துப் போட்டுடலாமா?”

அழகர்சாமி போண்டாவைக் கீழே வைத்தார். “அங்கதானுங்க தொரை சிக்கல். கோல் விட்டா எப்படி நடந்துக்குவான்? அழுவானா? கோவிச்சுக்குவானா? நமக்குத் தெரியாதே! தெரியாத சரக்குக்கு எப்படிங்க முத்திரை குத்தறது?”

குழு திகைத்தது. இவ்வளவு ஆழமாக அதுவரை யாரும் சிந்தித்ததில்லை. ‘தோல்வியைத் தாங்கும் திறன்: நிரூபிக்கப்படவில்லை’ என்று மனுவேல் எழுதினார். அடுத்த ஆட்டத்தில் ராஜரத்தினம் ஒரு கோல் விட வேண்டும் என்று எழுத்துப்பூர்வமாக உத்தரவு போயிற்று.

பாவம், அவன் முயன்றுதான் பார்த்தான். பந்து வந்தது. கண்ணை மூடிக்கொண்டான். மட்டை தானாகப் போய்த் தடுத்துவிட்டது. ‘உத்தரவை மீறிப் பந்தைத் தடுத்தார்’ என்று அறிக்கையில் ஏறியது. ஒழுக்கம் பற்றித் தனி விசாரணைக்கும் சிபாரிசு செய்யப்பட்டது.

பிப்ரவரியில் சின்னம்மை தொழிற்சாலை வாசலுக்கே வந்துவிட்டாள்.

“ஐயா, மகனுக்கு எப்ப பேர் பதிவீங்க?”

“ஏனுங்க, அவசரப்படறீங்களே. உங்க பையன்கிட்ட எவ்வளவோ இருக்குது. அது முழுசா வெளிய வரோணும்.”

“உள்ள வர்றதுதாங்கய்யா பெரிய பாடா இருக்கு. பனி பூரா கொட்டாய்க்குள்ளதான் எறங்குது.”

அழகர்சாமி கல்நெஞ்சக்காரர் அல்லர். தன் வீட்டிலிருந்து ஒரு பழைய கித்தானை எடுத்துவந்து கொட்டகை மேல் அவரே ஏறிக் கட்டிக்கொடுத்தார். இறங்கும்போது வேட்டி கிழிந்தது. ஒரு மனிதனுக்காகத் தாம் எவ்வளவு தியாகம் செய்கிறோம் என்று எண்ணி, இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினார். கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் குழுவுக்கும் தமக்கும் என்ன வேலை என்ற கேள்வி அவர் மனதில் எழவே இல்லை, எழாதபடி பார்த்துக்கொண்டார்.

அடுத்த மழைக்காலமும் வந்தது. ராஜரத்தினம் இன்னும் ஏழு ஆட்டங்களில் ஒரு பந்தையும் விடவில்லை. எழுபத்தைந்து அக்டோபரில், நாற்பத்திரண்டு பக்கத்தில் இறுதி அறிக்கை தயாராயிற்று. கடைசி வரி: ‘மிகுந்த எதிர்கால ஆற்றல் உடையவர், தகுதியானவர்.’ அழகர்சாமி மூக்கை ஒருமுறை துடைத்துக்கொண்டு, கையெழுத்திட்டார். கையெழுத்துக்குக் கீழே தேதியும் போட்டுவிட்டு ஆளனுப்பினார்.

கொட்டகையில் யாரும் இல்லை. தாயும் மகனும் ஓவேலிப் பக்கம் மஞ்சப்பாறை எஸ்டேட்டுக்குப் போய் நான்கு நாள் ஆகியிருந்தது.

அழகர்சாமி ஆடிப்போனார். “ஏனுங்க தொரை, நம்ம மதிப்பீட்டுல என்ன தப்பு?” என்று கேட்டார்.

“மழைதான் காரணம், மேன்,” என்றார் லெஸ்லி.

மனுவேலைக் கேட்டார். “முந்தின கூட்டக் குறிப்பைப் பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்,” என்றார் மனுவேல்.

அழகர்சாமிக்கு மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அறிக்கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூடலூர் பஸ் ஏறினார். மஞ்சப்பாறை லயத்தில், கடைசி அறைச் சுவருக்கு ராஜரத்தினம் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். உள்ளே சின்னம்மையின் இருமல் கேட்டது.

“வாங்கய்யா, உக்காருங்க,” என்று ஒரு பலகையைத் துடைத்துப் போட்டான்.

“இங்க உன்னை எந்தக் குழு தேர்ந்தெடுத்துச்சு கண்ணு? எத்தனை ஆட்டம் வச்சாங்க?”

“இங்க ஹாக்கியே இல்லைங்கய்யா. மைதானமும் இல்லை. தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டத் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியும்னேன். பேர் போட்டுட்டாங்க.”

“அப்ப... ஆட்டம்?”

“மட்டைய வித்துட்டேங்க.”

அழகர்சாமி அறிக்கையை நீட்டினார். அவன் கையெல்லாம் சுண்ணாம்பு; வாங்கவில்லை. அவரே கடைசிப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார்.

“மிகுந்த ஆற்றல்னு எழுதியிருக்கேன் கண்ணு. நாப்பத்திரண்டு பக்கம். ராத்திரி பகலா உழைச்சிருக்கேன். எவனைக் கேட்டாலும் சுத்தி வளைக்கறான். நீயாவது நேராச் சொல்லு. நாங்க எதைக் கவனிக்காம விட்டுட்டோம்?”

ராஜரத்தினம் சுண்ணாம்பு அடிக்கும் மட்டையைச் சட்டியில் வைத்தான்.

“ஒண்ணையும் விடலைங்கய்யா. நான் ஆடுவேன்னு உங்களுக்கு மொத நாளே தெரியும். அன்னைக்கே ஒரு வரி எழுதியிருந்தீங்கன்னா, ரெண்டு மழையையும் எங்கம்மா கூரைக்கு அடியில இருந்து பாத்திருக்கும்.”