கதவில்லாத பீரோ

கதவில்லாத பீரோவைக் கல்யாணச் சீராக அனுப்பிய ஒரே ஆள் எங்கள் மாவட்டத்தில் நானாகத்தான் இருப்பேன். தெரியாமல் அனுப்பவில்லை. தெரிந்தே, முறைப்படிதான் அனுப்பினேன்.

திண்டுக்கல்லில், செம்பட்டி ரோட்டில் என் மாமனாருக்கு இரும்பு பீரோ பட்டறை. பெங்களூர் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தபோது எனக்கு வெல்டிங் தெரியாது, பெயிண்டிங் தெரியாது. அஜைல் மட்டும் தெரியும். (வேலையை இரண்டிரண்டு வாரமாக நறுக்கி, முடிந்த வரைக்கும் வாடிக்கையாளரிடம் கொடுத்து, அவர் சொல்லும் குறையைத் திருத்திக்கொண்டே போவது. பெங்களூரில் இதற்குக் கைதட்டுவார்கள்.) மாமா, "செஞ்சு பாருங்க மாப்ள" என்றார். மருமகனிடம் வேறென்ன சொல்வார், பாவம்.

தினமும் காலையில் எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்வோம், வேலைக்கு என்ன தடை என்று மூன்று கேள்விகள். மாமாவும் வந்து வட்டத்தில் நிற்பார். பெயிண்டர் சேவியர் அண்ணன் மூன்றாவது கேள்விக்குக் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு தடையும் இல்லை என்பார். நான் பலகையில் பச்சைப் புள்ளி வைப்பேன். இரண்டு வாரமும் பச்சைப் புள்ளிதான். எனக்கு நானே மாலை போட்டுக்கொள்ளாத குறை.

அய்யலூர் கல்யாணத்துக்கு பீரோ ஏற்ற வேண்டிய நாளில் போய்ப் பார்த்தால், பீரோவின் உடம்பு பச்சை நிறத்தில் பளபளக்கிறது. கதவுகள் இரண்டும் வெறும் பிரைமர் அடிப்பூச்சோடு சிவப்பாகச் சுவரில் சாய்ந்திருக்கின்றன. பெயிண்ட் அடிக்கும் கம்ப்ரசர் நான்கு நாளாக ஓடவில்லையாம். ஏன் சொல்லவில்லை என்று சேவியர் அண்ணனிடம் குதித்தேன்.

"அது மொதலாளி ஆசையாத் தேடிப் புடிச்சு வாங்குனது தம்பி. அவரு எதுக்க நிக்கையில, ஓடலைன்னு எப்புடிச் சொல்றது?"

பிரஷ்ஷால் அடித்துவிடலாம் என்றார் அவர். தரம் கெட்டுவிடும் என்று மறுத்துவிட்டேன். மாமா அன்று பழனிக்குப் போயிருந்தார். சொன்ன நாளில், முடிந்த வரைக்கும் கொடுப்பதுதானே முறை? கதவில்லாமலே டெம்போவில் ஏற்றி, 'கதவு அடுத்த கட்டத்தில் வரும், கருத்துச் சொல்லவும்' என்று சீட்டும் ஒட்டினேன்.

மறுநாள் காலையில் கருத்து வந்தது. பெண்ணின் அப்பா மாமாவுக்குப் போன் செய்து அழாத குறையாகப் பேசினார். மாப்பிள்ளையின் அம்மா பீரோவுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, கதவு வந்த பிறகு தாலி கட்டினால் போதும் என்று நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாராம். முகூர்த்தத்துக்கு இரண்டு மணி நேரம்தான் இருந்தது. என்னால் ஒரு பெண்ணின் கல்யாணமே நின்றுவிடும் போலிருந்தது.

மாமா ஒரு வார்த்தை திட்டவில்லை. கதவுகளை அப்படியே வண்டியில் ஏற்றச் சொன்னார். மண்டபத்தில் மேளம் ஒரு பக்கம், சேவியர் அண்ணன் கதவை மாட்டித் தட்டும் சுத்தியல் ஒரு பக்கம். பச்சை பீரோ, சிவப்புக் கதவு. மாப்பிள்ளையின் அம்மா அதை இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தார்.

"பூட்டு விழுகுதுல்ல, அது போதும். தாலியக் கட்டச் சொல்லுங்க" என்று எழுந்தார்.

அதற்குப் பிறகு பட்டறையில் யாரும் வட்டமாக நிற்கவில்லை. மாமாவே புது கம்ப்ரசர் வாங்கிப் போட்டார். எல்லாம் மறந்தாயிற்று என்றுதான் நினைத்தேன்.

போன வருடம் எனக்கு மகள் பிறந்தாள். நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்து வந்ததும், மாமா முதலில் போய் எட்டிப் பார்த்தார்.

"கை காலெல்லாம் சரியா இருக்காம்மா? எங்க மாப்ள பாதியக் குடுத்துட்டு, மிச்சம் அடுத்த வாரம்னு சீட்டு ஒட்டிருவாரு."

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே படுத்திருந்த என் மனைவி சிரித்தது வாசல் வரைக்கும் கேட்டது.